படாக், கர்ஜன், கறுப்பு

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: போர்ட் பிளேரில் பச்சை மீசையோடு டியூட்டிக்குப் போன ஒரே அரசு ஊழியன் நான்தான். வேஷம் கட்டவில்லை, பந்தயம் கட்டவில்லை. என் மூளையை நம்பினேன், அவ்வளவுதான்.

எல்லாம் ஒரு கல்லூரிப் பெண்ணால் வந்தது. பம்பூஃப்ளாட்டிலிருந்து சாத்தம் வரும் ஃபெர்ரியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். உட்கார்ந்திருந்த அந்தப் பெண் சடாரென்று எழுந்து, "அங்கிள்ஜி, ஆப் பைட்டியே" என்று இடம் கொடுத்தாள். யாரந்தக் கிழவர் என்று திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் கடல்தான் இருந்தது. கௌரவத்துக்காக நின்றுகொண்டே வந்திருக்கலாம். ஆனால் நான் முடிவெடுப்பதற்குள் என் முழங்கால் உட்கார்ந்துவிட்டது.

அன்று மாலையே ஃபோனில் ஒரு வீடியோ பார்த்தேன். ரசாயனம் வேண்டாம், மருதாணியும் அவுரியும் போதும், நரை ஓடிப்போகும் என்று ஒருவர் விலாவாரியாகப் பேசிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுமை கிடையாது. விரலால் தள்ளித் தள்ளிக் கடைசிப் பகுதிக்குப் போனேன். அங்கே அவர் அவுரிப் பொடியைத் தண்ணீரில் கரைத்துப் பூசிக்கொண்டிருந்தார். நானும் கரைத்தேன், மீசையில் பூசினேன், காத்திருந்தேன், கழுவினேன். முதலில் மருதாணி போடாமல் வெள்ளை முடிமேல் அவுரியை மட்டும் ஏற்றினால் என்ன ஆகும் என்று முதல் பகுதியிலேயே சொல்லியிருந்தாராம். கண்ணாடியில் பார்த்தபோது, ஜெட்டித் தூணில் படிந்திருக்குமே பாசி, அது என் மேலுதட்டின்மேல் படிந்திருந்தது.

ஹேடோ துறைமுகத்தில் சரக்கு எண்ணும் கிளார்க் நான். கப்பலின் வலது பக்கத்து விளக்கு பச்சை, அந்தப் பக்கத்துக்கு ஸ்டார்போர்டு என்று பெயர் என்பது அங்கே டீ கொண்டுவருபவருக்குக்கூடத் தெரியும். காலையில் நான் கேட்டைத் தாண்டியதும் கிரேன் மேலிருந்து ஒரு குரல் வந்தது: "அரே தேக்கோ, ஸ்டார்போர்டு ஆ கயா!" இன்றுவரை துறையில் என் பெயர் அதுதான்.

வீட்டில் என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து, நிதானமாகச் சிரித்தாள். "லம்பா லைன் அக்காகிட்ட போவோம் வாங்க. அவங்களாலயும் முடியலேன்னா மீசையை எடுத்துருவோம். மீசை இல்லாத உங்க மூஞ்சிய நான் எப்படிப் பாக்குறதுன்னு அப்புறமா யோசிப்போம்" என்றாள்.

அப்படித்தான் அக்கா என் வாழ்க்கையில் வந்தார்.

லம்பா லைனில், ஏர்போர்ட் ரோட்டிலிருந்து மேலேறும் ஒரு சந்தில் தகரக்கூரை வீடு. அக்கா டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். ராமநாதபுரம் பக்கம். கல்யாணமான கையோடு கணவருடன் கப்பலேறி வந்தவர். பிள்ளைகள் இல்லை. அந்தச் சந்தில் பெங்காலி வீடு, தெலுங்கு வீடு, மலையாளி வீடு என்று எந்த வீட்டில் தலை நரைத்தாலும் அது ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுப் பின்புறக் குழாயடியில் வந்து குனியும். இப்போது அந்த வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். அந்த வழியாகப் போனால் என் கை தானாக மீசைக்குப் போகிறது.

வருகிறவர்களுக்கு அக்கா கண்ணாடி கொடுப்பதில்லை. கேட்டால், "உன் தலை உனக்கா தெரியப் போவுது? பாக்குறவுகளுக்குத்தானே தெரியும்" என்பார். சட்டியைத் தொடுவதற்கு முன் அவர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: "யாரு பாக்கணும்?" ஒரு காலத்தில் எந்த நம்பர் வேண்டும் என்று கேட்டிருப்பாரே, அதே குரலில். பதில் சொல்லாவிட்டால் லைன் கிடைக்காது.

என்னிடமும் கேட்டார். மனைவி பக்கத்தில் நிற்பதை மறந்து, "ஃபெர்ரியில ஒரு பொண்ணு, அக்கா" என்றேன்.

அக்கா என்னை அப்படியே விட்டுவிட்டு மனைவியிடம் திரும்பினார். "ஏம்மா, உனக்கு எந்தக் கலர் வேணும்?"

"பச்சையத் தவிர எதுன்னாலும் சரிக்கா."

அக்காவின் கலர்களுக்கெல்லாம் மரத்தின் பெயர். அவர் கணவர் சாத்தம் மர மில்லில் ரம்பத்தடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதால் வந்த பழக்கம். மருதாணிப் பொடியை இரும்புச் சட்டியில் தேயிலை டிக்காஷன் ஊற்றிக் குழைத்து ஊறவைப்பார். அதை மட்டும் பூசினால் நரை சிவக்கும், அது படாக். அதிலேயே அவுரி சேர்த்துக் குழைத்தால் பழுப்பு, அது கர்ஜன். மருதாணியைப் பூசிக் கழுவிவிட்டு, அதன்மேல் அவுரியைத் தனியாக ஏற்றினால் கறுப்பு. அந்த அளவுக்குக் கறுத்த மரம் எந்தக் காட்டிலும் இல்லை என்று கணவர் சொல்லிவிட்டதால் கறுப்புக்கு மட்டும் கறுப்பு என்றே பெயர். இடையிடையே வெள்ளையை விட்டுப் பூசினால் மார்பிள். அந்தமான் மார்பிள் மரத்தில் கறுப்பும் சாம்பலும் வரிவரியாக ஓடும்.

மார்பிள் கலர் எதற்கு என்று ஒரு நாள் பார்த்தேன். ஜங்லிகாட்டிலிருந்து ஒரு மீன்காரர் வந்திருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். கழுத்தில் சிலுவை, தலையில் முழு நரை.

"யாரு பாக்கணும்?" என்றார் அக்கா.

"மவன் வாரான்க்கா, பெங்களூர்லருந்து. அப்பன் கெழவனாயிட்டான்னு நெனச்சிரக் கூடாதுல்லா. நல்லாக் கறுப்பாப் போட்டு விடுங்க."

"முழுக்கக் கறுப்பாக்குனா, அப்பன் நல்லாத்தான் இருக்கான்னு அடுத்த ஃப்ளைட்டப் பிடிச்சுருவான். காதோரம் மார்பிள் விடுறேன். கூட ரெண்டு நாள் இருப்பான்."

இருந்தான். மீன்காரர் ஒரு முழுச் சூரை மீனைத் தூக்கிக்கொண்டு வந்து அந்தச் செய்தியைச் சொல்லிவிட்டுப் போனார்.

என் மீசைக்கு வருகிறேன். பாசியின்மேல் மருதாணியை அப்பிவிட்டு, என்னைக் கூடத்தில் உட்காரச் சொன்னார் அக்கா. அங்கே ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் மாமா இருந்தார். அக்காவின் கணவரை மாமா என்றுதான் கூப்பிட்டேன். வெளுத்த சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி. என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். பிறகு அருகில் வந்து, என் தலையைக் கதவைத் தட்டுவதுபோல் விரல் முட்டியால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார்.

"பப்பிதா" என்றார்.

"என்ன மாமா?"

"மரத்தச் சொல்றேன். எளசு. தீக்குச்சிக்குத்தான் ஆகும்."

நல்ல நகைச்சுவை உணர்ச்சியுள்ள மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறும் எழுந்து கும்பிட்டார், தட்டினார், பப்பிதா என்றார். அதற்கடுத்த ஞாயிறும். அவருக்கு என்னை ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் தெரிந்தது என்பது எனக்கு எப்போது புரிந்தது தெரியுமா? பப்பிதாக்காரன் இல்லையா, நாளாயிற்று.

நான் முதலில் பார்த்தபோது அக்காவின் தலை படாக். நல்ல செம்மரச் சிவப்பு. மழைக்காலம் தொடங்கும்போது பார்த்தால் கர்ஜன். அறுபது தாண்டியவருக்கு இது என்ன சோக்கு என்று சந்தில் பேச்சு ஓடியது. நான் முதுகுக்குப் பின்னால் பேசுகிற ரகமில்லை. நேரில் உளறுகிற ரகம்.

"அக்கா, அப்ப சிவப்பு, இப்பப் பழுப்பு. மாமாவுக்கு ரெண்டாங் கல்யாணமா?"

அக்கா சட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை. "ரெண்டு முடிஞ்சுபோச்சு தம்பி. இது மூணாவது" என்றார்.

நான் சிரித்தேன். நான் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, பிறகு சொன்னார்.

மாமாவுக்கு ஞாபகம் போய்க்கொண்டிருந்தது. போவதும் ஒழுங்கில்லாமல் போகவில்லை. கடைசியில் வந்தது முதலில் போயிற்று. அக்காவின் தலை வெளுத்திருந்த வருஷங்கள்தான் முதலில் அழிந்தவை. ஒரு நாள் மத்தியானம் தட்டோடு போனவரைப் பார்த்து, எழுந்து கும்பிட்டு, "பாட்டிம்மா, வெச்சுட்டுப் போங்க. எம் பொண்டாட்டி வந்துருவா, அவ போடுவா" என்றார். தட்டை வைத்துவிட்டு அக்கா சமையலறையில் போய் நின்றிருக்கிறார். மாமா சாப்பிடவில்லை. ராத்திரியும் சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. பெண்டாட்டி வரட்டும் என்றார். பக்கத்து வீட்டு பெங்காலிப் பெண்மணி வந்து ஊட்டிப் பார்த்தார், ஆஸ்பத்திரி நர்ஸ் வந்து பார்த்தார். "நல்லது தாயி, அவ வந்ததும் சாப்புடுறேன்" என்று எல்லோருக்கும் ஒரே பதில். கோபக்காரராக இருந்திருந்தால் அதட்டிச் சமாளித்திருக்கலாம். மரியாதைக்காரர். அவரை என்ன செய்வது?

இளநீர் மட்டும் குடித்தார். காரணம், அதில் யார் கையும் படவில்லை. அவர் முன்னாலேயே சீவிக் கொடுக்க வேண்டும்.

"மில்லுல இருந்த காலம் பூரா, நான் கொடுத்துவிட்ட டப்பாவத் தவிர வேற சோறு தின்னதில்ல. அதுதான் மனசுல நிக்கிது" என்றார் அக்கா. "எந்த வயசுக்காரியத் தேடுறாருன்னு பேச்சுக் கொடுத்துக் கேட்டேன். அவுரிய விட்டுட்டு மருதாணி மட்டும் போட ஆரமிச்சேன் பாரு, அந்த வயசு. அன்னைக்கே அரைச்சுப் பூசுனேன். தலையக் காய வெச்சுக்கிட்டுத் தட்டோட போனா, 'எங்க புள்ள போயிட்ட?'ங்கிறாரு. ரெண்டு கரண்டி கூட வாங்கிச் சாப்பிட்டாரு."

பிறகு படாக் காலமும் அழிந்தது. மறுபடி பட்டினி, மறுபடி இளநீர், மறுபடி பேச்சுக் கொடுத்துப் பார்த்து கர்ஜனைக் கண்டுபிடித்தார். அவர் பின்னால் போகப் போக அக்கா இளமையாகிக்கொண்டு துரத்தினார். வாசலில் பேசுகிறவர்களுக்கு அது சோக்கு.

நான் அன்று வீட்டுக்கு வந்து, யாரும் சொல்லாமலே சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தேன். "உடம்பு சரியில்லையா?" என்று மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

கர்ஜன் அதிக நாள் தாங்கவில்லை. தென்மேற்குப் பருவம் முழுசாக இறங்கியபோது மாமா கறுப்புத் தலைக்காரியைத் தேடத் தொடங்கினார். கப்பலில் தன்னோடு வந்தவளை. "டெக்குல நிக்கிறா, காத்துல முடி பறக்குது, உள்ள வரச் சொல்லுங்க" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். அக்கா இருந்த அவுரியைக் கொட்டிக் கறுப்பு ஏற்றினார். சாப்பாடு இறங்கியது. ஆனால் வெள்ளை முடி வேரிலிருந்து வளர்ந்துகொண்டே இருக்குமே. வகிட்டில் மெல்லியதாக ஒரு வெள்ளைக்கோடு தெரிந்தால் போதும், மாமா கண் அங்கே போய் நிற்கும். சோற்றை வாயருகில் வைத்துக்கொண்டு யோசிப்பார். அந்த யோசனையைத்தான் அக்கா பயந்தார். வாரா வாரம் வேருக்குப் பூச வேண்டியிருந்தது. அவுரி தீர்ந்துபோயிற்று.

மருதாணிக்குப் பஞ்சமில்லை; சந்தில் யார் வேலியில் கை வைத்தாலும் மருதாணிதான். அவுரி மெயின்லேண்டிலிருந்து வர வேண்டும். கடையில் இருந்த பாக்கெட்டுகளை வாங்கிக் கொடுத்தேன். அக்கா கரைத்து முகர்ந்து பார்த்துவிட்டுக் குழாயடியில் கொட்டினார். நம் ஈரக்காற்றில் அந்தப் பொடி சீக்கிரம் செத்துப்போகிறது. செத்த அவுரி தலையில் சேறு, வேறொன்றுமில்லை. திண்டிவனத்திலிருந்து அக்காவின் தங்கை மகள் புதுப் பொடி அனுப்பியிருந்தாள். அது கப்பலில் ஏறிவிட்டது. கப்பல்தான் வரவில்லை.

துறையில் வேலை பார்ப்பவன் என்பதால் உலகத்தில் எல்லாக் கப்பலுக்கும் நான்தான் பொறுப்பு என்று அக்கா நினைத்துக்கொண்டார். விடிந்ததும் ஃபோன்.

"தம்பி, கப்பலு?"

"மௌசம் கராப் அக்கா, கடல் சரியில்ல. இன்னும் கிளம்பல."

"கொஞ்சம் சொல்லிப் பாரேன்."

"யார்கிட்ட அக்கா? கடல்கிட்டயா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். மறுமுனையில் அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. "யாருகிட்டன்னாலும்" என்றார்.

அந்த நாட்களில் அக்கா செய்யாத கூத்து இல்லை. கொட்டாங்கச்சியைச் சுட்டுக் கரியாக்கி, தேங்காயெண்ணெயில் குழைத்து வகிட்டில் தேய்த்தார். தகரக்கூரைக்கடியில் வியர்வை வழிய, கரி நெற்றியில் இறங்கிச் சோற்றில் சொட்டியது. மாமா சோற்றில் விழுந்த கரியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், தட்டை மெதுவாக நகர்த்திவைத்தார். இன்னொரு நாள் நான் போனபோது அக்கா கதவைப் பாதி திறந்து நின்றார். முகம் பலாப்பழம்போல் வீங்கி, கண் இரண்டும் கோடாக இருந்தது. கடையில் விற்கும் ரசாயனச் சாயத்தை வாங்கிப் பூசியிருக்கிறார்.

"உங்களுக்கு அது ஒத்துக்காதே அக்கா! தெரியாதா?"

"தெரியும். வேலைக்கு இருந்தப்பவே ஒரு தடவ வீங்கிருக்கு."

"அப்புறம் ஏன்?"

"வீங்குறதுக்கு ஒரு ராத்திரி ஆகும் தம்பி. அதுக்குள்ள ஒரு வேளை சோறு போட்டுறலாம்னு பாத்தேன்." உதடு வீங்கியதால் வார்த்தை குழறியது. "சாய்ங்காலமே வீங்கிருச்சு."

உள்ளே மாமா, வாசலில் யாரோ சீக்காளி நிற்கிறார், உட்காரச் சொல்லுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் இளநீர் சீவினேன். எனக்குச் சீவத் தெரியாது. பாதித் தண்ணீர் என் சட்டையில் போயிற்று. மாமா அதைப் பார்த்துச் சிரித்தார். அவர் கன்னத்தில் எலும்பு தெரிந்தது.

கப்பல் ஒரு வழியாக வந்தது. சரக்கு இறங்கும்போது, எண்ணவேண்டிய கிளார்க் எண்ணாமல் மூட்டைகளுக்கு நடுவே ஓடியதை ஹேடோவில் இன்னமும் நடித்துக் காட்டுகிறார்கள். "ஸ்டார்போர்டு பாகல் ஹோ கயா" என்று எனக்குப் பைத்தியப் பட்டம் கட்டினார் கிரேன்காரர். பார்சலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். மனைவியும் வந்துவிட்டாள்.

அக்கா முதல் நாளே மருதாணியை ஊறவைத்திருந்தார். அதைப் பூசிக் கழுவிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் அவுரியைக் கரைத்தார், ஒரு சிட்டிகை உப்பு. பச்சைப்புல் வாசனை எழுந்தது. கொஞ்ச நேரத்தில் மேலே நீல ஏடு படர்ந்தது. உயிருள்ள பொடி. என் மனைவி ஒரு வேர் விடாமல் பூசினாள். கழுவிக் காயவைத்தபோது அக்காவின் தலையை மனைவி இரண்டு முறை தொட்டுப் பார்த்தாள். அப்படி ஒரு கறுப்பு. வீக்கம் வடிந்த முகம், தளரப் பின்னிய ஜடை, கொஞ்சம் மல்லிகை. கதவிடுக்கில் நாங்கள் இரண்டு பேரும் திருட்டுத்தனமாக நின்றோம். அக்கா தட்டோடு உள்ளே போனார்.

மாமா பார்த்தார். சட்டென்று எழுந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நின்றார்.

"யாரு தாயி நீ? வயசுப் பொண்ணு, ஆம்பள மட்டும் இருக்கிற வீட்டுக்குள்ள வரலாமா? யாராச்சும் பாத்தா உனக்குத்தான் கெட்ட பேரு. போ தாயி. எங்க ஆத்தா வந்ததும் வா."

அவர்கள் ஊரில் ஆத்தா என்றால் அம்மா. கப்பலுக்குக் காத்திருந்த நாட்களில் மாமா கல்யாணத்தையும் தாண்டிப் பின்னால் போய்விட்டிருந்தார்.

அக்கா வெளியே வந்து தட்டைத் திட்டில் வைத்தார். ஜடையை முன்னால் இழுத்துப் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார், என்னைப் போய்க் கேட்டார்:

"தம்பி, இது கழுவுனா போகுமா?"

ஊரில் பாதிப் பேர் தலைக்குக் கலர் ஏற்றியவர். மருதாணிமேல் ஏறிய அவுரி வெட்டினாலொழியப் போகாது என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார். அவர் என்னிடம் கேட்கிறார். நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. அக்கா எலுமிச்சம்பழம் தேய்த்தார், சலவைச் சோடா தேய்த்தார், துணி சோப்பு தேய்த்தார். தோல் சிவந்தது, முடி அப்படியே மினுமினுத்தது. எந்த மரமும் கொண்டுவர முடியாத கறுப்பு.

மறுநாள், மாமாவின் விதவைத் தாயைப்போல் வெள்ளைச் சேலை கட்டி, முக்காடு போட்டுக்கொண்டு தட்டோடு போனார். மாமா முகம் மலர்ந்தது. "ஆத்தா" என்று கை நீட்டினார். நீட்டிய கை முக்காட்டை விலக்கியது. கறுப்பைக் கண்டதும் பதறிப்போய், "மன்னிச்சுக்க தாயி, எங்க ஆத்தான்னு நெனச்சுட்டேன்" என்று சுவரோரம் ஒதுங்கிக்கொண்டார்.

அன்று அக்கா என் மனைவியைக் கூப்பிட்டு, "உன் வீட்டுக்காரர் மீசைக்கு ஒரு மெசினு வெச்சிருக்காரே, எடுத்துட்டு வா" என்றார்.

மாமாவின் அம்மா வருஷா வருஷம் கோயிலுக்கு முடி கொடுப்பவராம். மாமா ஊரில் கண்ட ஆத்தாவின் தலை எப்போதும் வெள்ளையாக முளைத்த மொட்டைதான். குழாயடியில் நியூஸ் பேப்பர் விரித்தோம். என் மனைவி மெஷினைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே ஓட்டினாள். பெங்காலிப் பெண்மணி வேலிக்கு அப்பாலிருந்து பார்த்துவிட்டு, "அரே தீதி, ஏ க்யா கர் ரஹீ ஹோ! ஆத்மி ஜிந்தா ஹை!" என்று கத்தினார். புருஷன் உயிரோடு இருக்கும்போது இது என்ன அபசகுனம் என்பது அவர் பதற்றம். அக்கா தலையைக் குனிந்தபடியே, "முருகனுக்கு மன்னத் ஹை" என்றார். வேண்டுதலாம். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

மழித்த தலையில் உடனே வெள்ளை வந்துவிடுமா? வளர வேண்டும். அக்காவின் கை இப்போது அடிக்கடி உச்சந்தலைக்குப் போயிற்று. நான் போகும்போதெல்லாம் வாசல் வெளிச்சத்துக்கு வந்து குனிவார். "வந்துருச்சா பாரு." நான் குனிந்து பார்ப்பேன். ஒரு ஆயுசு முழுக்க மனிதர்கள் எதை ஒளித்துவைக்க ஓடுகிறார்களோ அதைத் தேடிக்கொண்டிருந்தோம், நானும் அக்காவும். மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ட்ரிப் ஏற்றினார்கள். ஊசியைப் பிடுங்கிவிட்டு, "ஆத்தா தேடுவா" என்று கட்டிலிலிருந்து இறங்கினார். அவரை இறங்கவிடாமல் பிடித்த என் கைக்கு அவர் எடை தெரிந்தது. வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டோம்.

"இன்னைக்கு வந்துருக்கு அக்கா" என்று நான் சொன்ன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உப்புத் தூவினதுபோல் தலை முழுக்க மெல்லிய வெள்ளை. என்னை நம்பாமல் மனைவியையும் கூப்பிட்டுக் காட்டினார். நம்பாதது நியாயம்.

அக்கா சோற்றைக் குழைய வடித்து, பருப்புக் கடைந்து ஊற்றி, நெய் விட்டார். வெள்ளைச் சேலை. கூடத்து வாசலில் ஒரு கணம் நின்றார். நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை நகத்தால் எடுத்து நிலைக்கதவில் ஒட்டினார். தட்டோடு உள்ளே போனார். நான் அந்தச் சிவப்புப் பொட்டின் பக்கத்தில் நின்றேன்.

"ஆத்தா" என்றார் மாமா. "எங்க போயிட்ட? பசிக்கிது."

அக்கா தரையில் உட்கார்ந்து பிசைந்தார். மாமா முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, வாயைத் திறந்தார். ஒவ்வொரு கவளத்துக்கும் கதை சொன்னார்: பள்ளிக்கூடத்தில் யார் அடித்தான், கண்மாயில் எவ்வளவு தண்ணீர், அந்தமானுக்கு ஆள் எடுக்கிறார்களாம், தான் போகமாட்டாராம். "போகாதய்யா" என்றார் அக்கா. கடைசியில் வாயைத் துடைத்துவிட்டதும் மாமா அக்காவின் மடியில் தலையை வைத்துப் படுத்துத் தூங்கிப்போனார். அக்கா அந்தத் தலையைத் தூக்கித் தலையணையில் வைத்துவிட்டு, தட்டோடு எழுந்துவந்தார்.

நிலைக்கதவிலிருந்து பொட்டை எடுத்து, பார்க்காமலேயே, நெற்றியில் சரியான இடத்தில் ஒட்டினார்.

வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டிய நேரம். ஆனால் என் வாய் என் முழங்கால் மாதிரி, என்னைக் கேட்டு எதுவும் செய்வதில்லை. "அக்கா, கட்டின புருஷன் வாயால ஆத்தான்னு கேக்குறது... உங்களுக்கு எப்படி அக்கா தாங்குது?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா கையிலிருந்ததை என் மூக்குக்கு நேரே நீட்டினார். அதில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

"தட்டைப் பாரு."